ஆன் கிளிஃபோர்ட் தோண்டியெடுத்த வம்சாவளி

கம்பர்லாந்து பிரபு ஜார்ஜ் கிளிஃபோர்ட் 1605இல் இறந்தபோது அவருக்கு எஞ்சியிருந்த ஒரே பிள்ளை, 15 வயது ஆன். அண்ணன்மார் இருவரும் சிறுவயதிலேயே இறந்துவிட்டார்கள். ஆனாலும் தந்தையின் உயில் வட இங்கிலாந்தின் கோட்டைகளையும் நிலங்களையும் சித்தப்பா பிரான்சிஸுக்குக் கொடுத்தது. மகளுக்கு 15,000 பவுன் ரொக்கம்.

ஆனின் தாய் மார்கரெட் ரஸ்ஸல் பழைய ஆவணங்களைத் தேடச் சொன்னார். இரண்டாம் எட்வர்ட் காலத்து ஏற்பாடு ஒன்று அகப்பட்டது. அதன்படி அந்தச் சொத்து உடல்வழி வாரிசுக்குப் போகவேண்டும். வாரிசு ஆணாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வம்சாவளி தேடுவதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்: இந்தத் தாய்க்கும் மகளுக்கும் அதுதான் வழக்கு, அதுதான் ஆயுதம்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. கணவர் ரிச்சர்ட் சாக்வில்லுக்குப் பணம் தேவை; உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடச் சொல்லி நெருக்கினார். 1616இல் சின்னஞ்சிறு மகளை அவரிடமிருந்து பிரித்து அனுப்பினார். அதே ஆண்டு தாயும் இறந்துபோனார். அடுத்த ஆண்டு மன்னர் ஜேம்ஸ் நேரில் அழைத்துக் கேட்டபோதும் உயிருள்ளவரை வெஸ்ட்மோர்லாந்தை விடமாட்டேன் என்றார் ஆன். தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. அவர் அதற்கு இசையவில்லை.

சித்தப்பாவின் மகன் ஆண்வாரிசு இல்லாமல் 1643இல் இறந்த பிறகுதான் நிலம் ஆனிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 53. காத்திருந்த ஆண்டுகளில் திரட்டிய பத்திரங்களையும் முன்னோர் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுத்தர்களைக் கொண்டு பெரும் தொகுதிகளாக எழுதுவித்தார். அவற்றில் என்னை நிறுத்தும் இடம் 13ஆம் நூற்றாண்டு. வெஸ்ட்மோர்லாந்து முதலில் கிளிஃபோர்டுகளுடையதே அல்ல. வைபான்ட் குடும்பத்தில் ஆண்பிள்ளை இல்லாமல் போக, இசபெல்லா, இடோனியா என்ற சகோதரிகள் அதற்கு வாரிசானார்கள். இசபெல்லா ரோஜர் டி கிளிஃபோர்டை மணந்ததால் அது இந்தக் குடும்பத்துக்குள் வந்தது. ஒரு பெண் கொண்டுவந்த நிலத்தைத்தான் பெண் என்பதற்காக ஆனுக்கு மறுத்தார்கள்!

ஆனால் அவரை அப்படியே கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. 1649இல் வடக்கே திரும்பியவர் இடிந்த கோட்டைகளைக் கட்டியெழுப்பினார். கூடவே குத்தகைதாரர்கள்மேல் விடாமல் வழக்கும் தொடுத்தார். பத்திரத்தின் பலம் அறிந்தவர், அதைத் தன்னைவிட எளியவர்கள்மேலும் பிரயோகித்தார்.

அந்தக் குத்தகை வீட்டுப் பெண்களின் வம்சாவளியைத் தேடப் புறப்பட்டால் கையில் அகப்படுவது கொஞ்சமே. 1538இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணையால் தொடங்கிய திருச்சபைப் பதிவேடுகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று சில வரிகள். சில பதிவுகளில் இன்னாரின் மனைவி என்பதோடு சரி, பெயர்கூட இராது. கணவன் இறந்து நிலம் கைக்கு வந்திருந்தால் மட்டும் வாரப் பேரேட்டில் அவள் பெயர் தனியாக வரும், எவ்வளவு செலுத்தவேண்டும் என்ற கணக்கோடு.