ஆனந்த குமாரும் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையும்

கருத்தரிப்பு மருத்துவமனையில் மருத்துவரின் பெயர் வெளியே தெரியும். ஆய்வகத்தில் கருமுட்டையையும் விந்தணுவையும் சேர்த்து, கரு வளர்வதை நுண்ணோக்கியில் கவனித்திருக்கும் அறிவியலாளரின் பெயர் அரிதாகவே தெரியவரும். டி. சி. ஆனந்த குமார் அத்தகைய அறிவியலாளர். மும்பை இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். மருத்துவர் இந்திரா இந்துஜாவுடன் இவர் மேற்கொண்ட முயற்சியால் 1986 ஆகஸ்ட் 6 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அதுவே பதிவாயிற்று.

ஆனால் 1978 அக்டோபர் 3 அன்றே, இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்து சுமார் பத்து வாரங்களில், கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் அத்தகைய குழந்தை பிறந்திருந்தது. கருவை உறையவைத்துக் காத்து, பின்னர் கருப்பையில் வைத்திருந்தார் அவர். உறைகருவிலிருந்து குழந்தை பிறந்ததாக வெளிநாட்டில் அறிவிக்கப்பட்டது 1984இல்தான். மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. குழுவில் இத்துறை அறிந்தவர்கள் இல்லை என்பது பிற்காலத்தில் எழுந்த குறை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை ஆனந்த குமார் ஆராய்ந்தார். முதலிடம் முகோபாத்யாயிக்கே உரியது என 1997இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். இழந்தது தன்னுடைய முதலிடத்தைத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பின்னர் முகோபாத்யாயின் பணியை ஏற்றுக்கொண்டது.