நடுவரின் கையும் ஆட்டக்காரனின் தலையும்

நயினாதீவிலே ஒரு பழைய கல்வெட்டு உண்டு. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் 12ஆம் நூற்றாண்டில் தமிழில் பொறிப்பித்தது அது. அதிற் கூறப்படும் ஊராத்துறை நமது ஊர்காவற்றுறையே என்பர் ஆய்வாளர். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தாலோ சரிபாதி அரசனுக்கு. கடல் ஒன்று, உடைவும் ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு. யானையிலும் குதிரையிலும் தனக்கு விருப்பம் உண்டு என்று காரணத்தையும் மன்னன் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறான்.

விதியை இயற்றுபவனின் தேவையே விதியின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு நம் தீவகத்துக் கல்லே சான்று. விளையாட்டின் வரலாறும் இதையே கூறுகிறது. நடுவரின் தீர்ப்பைப் பற்றி வாதிடுகிறோம். ஆட்டக்காரனின் காயத்துக்கு இரங்குகிறோம். இவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1975ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவைச் சந்தித்தது. அன்று இலங்கைக்கு ரெஸ்ட் தகுதிகூட இல்லை. அவுஸ்திரேலியர் 328 ஓட்டங்கள் எடுத்தனர். நம்மவர் அஞ்சாமல் 276 வரை விரட்டிச் சென்றனர். ஆனால் ஜெஃப் தொம்சனின் வேகப்பந்துகள் துலிப் மென்டிஸையும் சுனில் வெத்தமுனியையும் மருத்துவமனைக்கு அனுப்பின. மென்டிஸ் அடிபட்டது தலையில். தலைக்கவசம் அணியும் வழக்கம் அப்போது இல்லை. ரெஸ்ட் ஆட்டமொன்றில் முதன்முதலாக ஒருவர் அதை அணிந்ததே 1978இல்தான். ஓர் ஓவரில் ஒரு துடுப்பாட்டக்காரருக்கு ஒரு பவுன்சர் மட்டுமே என்ற வரம்பு 1991இல்தான் வந்தது.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1995 டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர், முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு முறை முறையற்றவை என்று அறிவித்தார். முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை அவருடையது. 1999இல் அடிலெய்டில் ரொஸ் எமர்சன் அதே தீர்ப்பை வழங்கியபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று நின்றார்.

இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இருவரை மருத்துவமனைக்கு அனுப்பிய பந்து விதிக்கு உட்பட்டது. எவர் மண்டையையும் உடைக்காத சுழற்பந்து விதிக்குப் புறம்பானது! தனிப்பட்ட நடுவர்மீது பழிபோடுவது நம் நோக்கமன்று. கண்ணுக்குப் பட்டதை அவர் சொன்னார். எதைக் காண வேண்டும் என்று அவர் கண்ணைப் பழக்கிய விதியைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம். பின்னாளில் முழங்கை மடிப்புக்கு அளவு வகுத்தபோதும் வேகப்பந்து வீச்சாளருக்கு 10 பாகை, சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகை என்றே வகுத்தனர். கமெராவைக் கொண்டு அளந்தபோது, குற்றமற்றவர் என்று கருதப்பட்ட பலரது கையும் மடிவது தெரிந்தது. 2005இல்தான் எல்லோருக்கும் 15 பாகை என்ற ஒரே அளவு வந்தது. அதே முரளிதரன் 2010இல் 800 விக்கெட்டுகளுடன் ரெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. மெல்பேர்ணில் ஒரு தமிழ் இளைஞனுக்காக நாடே கொதித்தெழுந்த அந்த டிசெம்பரில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்து கிடந்தனர். தீவக மக்களுட் பலர் அதற்கும் நாலைந்து ஆண்டுகள் முன்னரே ஊரை இழந்திருந்தனர். அவர்களுக்காக எல்லைக்கோட்டில் போய் நின்றவர் எத்தனை பேர்?

உயிர் காக்கும் விதிகளோ பெரும்பாலும் உயிர் போன பின்னரே பிறக்கின்றன. 1905இல் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் குறைந்தது 18 பேர் மாண்டனர். சனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற் தலையிட்ட பின்னரே, 1906இல், கூட்டமாக மோதும் முறைக்குக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆட்டத்தில் மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்கள் 4,500க்கு மேற்பட்டோர் வழக்காடியதன் பின்னரே 2013இல் தொழில்முறைக் கழகங்களின் கூட்டமைப்பு இழப்பீட்டுக்கு இணங்கியது. அதிலும், கறுப்பின வீரரின் அறிவாற்றல் இயல்பிலேயே குறைந்தது என்று கொண்டு பாதிப்பைக் கணிக்கும் முறை புகுந்திருந்தது. அதைக் கைவிடுவதாக 2021இல்தான் அறிவித்தனர். கிரிக்கெட்டிலோ, 2014 நவம்பரில் அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு மாண்டார். தலையில் அடிபட்டு அதிர்ச்சியுற்றவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடலாம் என்ற விதி 2019இல் சர்வதேச ஆட்டங்களுக்கு வந்தது.

ஆயினும் அவ்விதி நம் சிற்றூர் மைதானங்களை எட்டவில்லை. நெடுந்தீவில் விளையாடும் சிறுவனின் தலை பலமாக அடிபட்டால், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குச் செல்ல அவன் முதலிற் கடலைக் கடக்க வேண்டும். இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் அடிபட்டவனுக்கும் இவனுக்கும் மண்டையோடு ஒன்றுதான். இடையில் உள்ள தூரம்தான் வேறு.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நம் பள்ளி மைதானத்தில் விசில் நம் கையிலேயே இருக்கிறது. தலையில் அடிபட்டவன் எவ்வளவு வீரம் பேசினாலும் அன்று மீண்டும் ஆடலாகாது என்ற விதியை எழுத எந்தச் சபையின் அனுமதியும் நமக்கு வேண்டாம். தீர்ப்பில் ஐயமுற்ற மாணவன் மரியாதையோடு காரணம் கேட்கவும், ஆசிரியர் அதற்கு விடை கூறவும் பழகிக்கொள்வோம். மன்னனின் விருப்பம் கல்லில் எழுதப்பட்ட காலம் போய்விட்டது. ஆடுபவனின் உடலுக்கு முதலிடம் தரும் விதியை நாமே எழுதத் தொடங்குவோம்.