இரண்டு ஜுக்ராஜ் சிங்

2023 ஆகஸ்ட் 12. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். தண்டலத்தில் வீட்டிலிருந்தபடி டி.வி.யில் பார்த்தேன். 9-வது நிமிடத்தில் பெனால்டி கார்னர். ஜுக்ராஜ் சிங் டிராக் ஃபிளிக் செய்து முதல் கோலைப் போட்டார். கடைசியில் மலேசியாவை 4-3 என்று வென்றோம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தவர் வேறொரு ஜுக்ராஜ் சிங்.

நம் காலத்துப் பெனால்டி கார்னர் ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார், ஒருவர் கையால் நிறுத்துவார், மூன்றாமவர் ஓங்கி அடிப்பார். பிற்பாடு கையால் நிறுத்தக்கூடாது என்றார்கள். முதலில் ஓங்கி அடிக்கும் பந்து கோலின் அடிப்பலகை உயரத்துக்கு, அதாவது 46 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்றும் விதி வந்தது. மட்டையால் இழுத்து வீசும் பந்துக்கு அந்தத் தடை இல்லை. டிராக் ஃபிளிக்கின் மவுசு அதில்தான் கூடியது. பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸ் போட்ட 348 சர்வதேச கோல்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

நம் பக்கத்தில் இதில் பெயர் வாங்கியவர் மூத்த ஜுக்ராஜ். 2001-ல் ஹோபார்ட்டில் ஜூனியர் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். 2003-ல், 20 வயதில், சாலை விபத்தில் படுகாயமடைந்தார். பழைய ஆட்டம் திரும்பவில்லை. ஆனால் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சியாளராகி, தேசிய அணியின் இளைய ஃபிளிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஹர்மன்பிரீத் சிங்கும் அவரிடம் பாடம் கேட்டவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கினோமே, அந்த இரண்டு கோலும் ஹர்மன்பிரீத் போட்டவை.

பார்ப்பவர்களுக்கு இது மணிக்கட்டு வித்தை போலத் தெரியும். உண்மையில் வேகம் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, இடது காலை நீள எட்டி வைத்து, பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்து, உடம்பைத் திருப்பி விடவேண்டும். பந்து மட்டையில் எவ்வளவு தூரம் கூடவே வருகிறதோ, அவ்வளவு வேகம். அந்தத் திருகலின் பாரமெல்லாம் கீழ்முதுகில்தான் விழும்.

ஆகவே பேரன் மட்டையோடு நின்றால், முதலில் ஓடிவராமல், அசையாத பந்தை இழுத்துப் பழகச் சொல்லுங்கள். ஓட்டமும் வேகமும் பிறகு. முதுகு வலிக்கிறது என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். விபத்தில் ஒரு நல்ல ஆட்டக்காரரை இழந்தோம். அவசரத்தில் இன்னொருவரை இழக்க வேண்டாம்.