பரதேசி என்ற சொல்லுக்கு எத்தனை புள்ளி?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு கல் இருக்கிறது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்த ஆணை அது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வியாபாரச் சரக்கு வந்த கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இந்தக் கல்வெட்டைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்.

வரலாற்றுச் சிறப்புக் கலை மாணவர்களுக்கு ஆய்வரங்கு வகுப்பு நடத்திய காலமெல்லாம் இந்தக் கல்லைத்தான் முதல் பாடமாக வைத்தேன். விரிவுரை என்றால் சொல்வதை எழுதிக்கொண்டு போய்ப் பரீட்சையில் திருப்பிக் கொடுக்கலாம். ஆய்வரங்கில் அது சரிவராது. பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி இருந்து, ஒரே மூலத்தை வரிவரியாக வாசித்து, ஆளுக்கு ஆள் கேள்வி கேட்கவேண்டும். பேச்சுக்கு 20 புள்ளி, வாசிப்புக் குறிப்புகளுக்கு 30, கடைசிக் கட்டுரைக்கு 50 என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். 70ஐத் தாண்டினால் முதலாம் வகுப்புத் தரம்.

எதற்கு நல்ல புள்ளி கிடைக்கும்? ஒரு பிள்ளை ஒருமுறை கேட்டாள்: "சேர், இலங்கை யானை ஏத்தி அனுப்பின நாடு. அப்ப யானை ஏன் வெளியில இருந்து வருது?" அந்த ஒரு கேள்விக்கே வகுப்பு இரண்டு வாரம் ஓடியது. பராக்கிரமபாகு பர்மா மேல் படை அனுப்பியதற்குச் சூளவம்சம் சொல்லும் காரணங்களில் யானை வியாபாரத் தகராறும் ஒன்று. அதைத் தேடிப்பிடித்து வந்தவர்களுக்குக் கல் பேச ஆரம்பித்தது. நயினாதீவில் நிற்கும் கல் ஏன் ஊராத்துறையைப் பற்றிப் பேசுகிறது, அது முதலில் எங்கே நின்றது என்று கேட்டவனுக்கும் புள்ளி உண்டு. நெடுந்தீவுக் குதிரைகள் பராக்கிரமபாகு காலத்துக் கப்பலில் வந்தவை என்று எழுதியவனுக்குக் கிடையாது. அந்தக் குதிரைகளின் கதை போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தது. (இந்த விடையை வருஷத்துக்கு ஒருவராவது எழுதுவார்கள்.)

இனி நம்முடைய விஷயத்துக்கு வருகிறேன். எங்கட பிள்ளைகள் இந்தக் கல்லை வாசித்ததும் ஒரு சொல்லில் நின்றுவிடுவார்கள்: பரதேசி. குதிரை கொண்டுவந்த பரதேசி வேறு யார், சோனகர்தானே? ஒரு மாணவி அப்படியே ஒரு முழுக் கட்டுரை எழுதினாள். பராக்கிரமபாகு ஊர்காவற்றுறையில் அரபு வணிகருக்கு அடைக்கலம் கொடுத்தான் என்பது அவள் முடிவு. நடை அழகு, உழைப்பும் இருந்தது. 58 போட்டேன்.

பரதேசி என்றால் வேற்றுத் தேசத்தான், அவ்வளவுதான். கல்லில் மதப் பெயரும் இல்லை, இனப் பெயரும் இல்லை. குதிரை வியாபாரத்தில் முஸ்லிம்களின் கை ஓங்கியிருந்ததற்குச் சான்று உண்டு. ஆனால் அவள் காட்டிய மார்க்கோ போலோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிந்தியவர். இப்னு பதூதா 1344இல் வந்து, பாரசீக மொழி விளங்கிய ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது இன்னும் பிந்தியது. பிந்திய சாட்சியைக் கொண்டு முந்திய காலத்தை ஊகிக்கலாம், அது ஊகம் என்று எழுதினால். அவள் "இருக்கக்கூடும்" என்று எழுதவேண்டிய எட்டு இடங்களில் "இருந்தனர்" என்று எழுதியிருந்தாள்.

புள்ளி வெளியானதும் சமூகத்துப் பெரியவர் ஒருவர் வீடு தேடி வந்தார். "எங்கட பிள்ளைக்கு நீங்களே குறைச்சுப் போட்டா, மத்தவன் எப்படிப் போடுவான்?" என்றார். கோபமில்லை, வருத்தம். அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணப் பட்டினத்து முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. நகையும் காசும் போன கதையை எல்லாரும் சொல்வார்கள். உறுதி, நிக்காஹ் பதிவு, கடைக் கணக்குக் கொப்பி, வாப்பா எழுதிய கடிதம் எல்லாம் சேர்ந்து போயின. ஏடே இல்லாமல் போன ஒரு சமூகத்தின் பிள்ளை தன் வேரைத் தேடும்போது, சான்று எங்கே என்று கேட்பது கல்நெஞ்சம் போலத்தான் தெரியும்.

ஆனாலும் நான் புள்ளியை மாற்றவில்லை. நம் வரலாற்றை மறுக்க வருகிறவன் முதலில் தேடுவது, நாம் மிகைப்படுத்திய அந்த ஒரு வரியைத்தான். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனமூலம் பற்றிப் பேசியதற்கு, 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுத்தில் மறுப்புச் சொன்னார். சட்டசபை ஆசனம் சம்பந்தப்பட்ட விவகாரம் அது. அந்த இரண்டு பிரதிகளையும் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சான்று, எது வழக்காடல் என்று பென்சிலால் கோடு போடச் சொல்வேன். இரண்டு பக்கத்திலும் கோடு விழும். நம்மவரின் பக்கத்தில் கோடு போடப் பிள்ளைகளுக்குக் கை கூசும்.

முடிவு எனக்குப் பிடித்ததா என்று பார்த்துப் புள்ளி போடுவதும் கூடாது. இந்திரபாலாவையே எடுங்கள். இலங்கையின் தமிழ்க் குடியேற்றங்கள் பற்றி 1965இல் லண்டனில் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிய கருத்துகளை, 2005இல் வெளியிட்ட நூலில் அவரே திருத்திக்கொண்டார். அதனால் முதல் ஆய்வுக்குக் கிடைத்த பட்டம் தகாதது என்று யாரும் சொல்லவில்லை. அன்று கையிலிருந்த சான்றை அவர் நடத்திய விதத்துக்குக் கிடைத்தது அது.

சரி, ஏடு இல்லாதவன் என்ன செய்வது? பிறகு வந்த ஒரு மாணவி வழி காட்டினாள். வெளியேற்றப்பட்ட குடும்பம், புத்தளத்தில் வளர்ந்தவள். அம்மன் கோவிலும் நாக விகாரையும் பள்ளிவாசலும் உள்ள நயினாதீவில் முஸ்லிம்களின் வாழ்வு பற்றி எழுதவேண்டும் என்றாள். மூலம்? உம்மம்மாவின் வாய்ப்பேச்சு மட்டும். எழுது, ஆனால் கல்வெட்டை வாசித்த மாதிரியே உம்மம்மாவையும் வாசி என்றேன்.

அவள் ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, மூன்று நிறத்தில் கோடு போட்டுவந்தாள். உம்மம்மா கண்ணால் கண்டது ஒரு நிறம், தன் தாயிடம் கேட்டது ஒரு நிறம், ஊரெல்லாம் சொன்னது ஒரு நிறம். முதல் நிறத்தில் இருந்தது கொஞ்சம்தான். வள்ளத்தில் ஆர் ஆர் ஏறினது, பெருநாளைக்கு ஆற்ற வீட்டில இருந்து பால் வந்தது, எந்தக் கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. அந்தக் கொஞ்சத்தை மட்டும் நம்பி, உறவுக்காரரிடம் தப்பியிருந்த ஒரு பிறப்புச் சான்றிதழோடும் ஒரு நிக்காஹ் பதிவுப் பிரதியோடும் ஒப்பிட்டு எழுதினாள். உம்மம்மா ஒரு வருஷத்தைப் பிழையாகச் சொன்ன இடத்தை அவளே எடுத்துக் காட்டியிருந்தாள். பரதேசி, பராக்கிரமபாகு என்று ஒரு பேச்சும் இல்லை.

76 போட்டேன். வெளிப்பரீட்சகர் இரண்டு புள்ளி குறைத்து 74 ஆக்கினார். ஒலிப்பதிவுத் திகதிகளைப் பின்னிணைப்பில் சேர்க்கவில்லை என்பது அவர் குறிப்பு. அவர் சொன்னது சரி என்று அவளிடமும் சொன்னேன்.