கல்வெட்டிலிருந்து க்யூஆர் வரை: சின்னக் கடைக்காரரின் கணக்குக் கதை

இன்னைக்கு எபிசோட்ல நாம பேசப்போறது சின்ன வியாபாரிகள் பயன்படுத்துற ஆப்கள் பத்தி. "எந்த ஆப் பெஸ்ட்?"னு லிஸ்ட் போடப்போறதில்ல. இந்த ஆப் எல்லாம் தீர்க்கிற பிரச்சினை எவ்வளவு பழசு, முன்னாடி அதை எப்படித் தீர்த்தாங்க, இன்னைக்கு என்ன மாறிடுச்சு, இதுதான் விஷயம்.

ஆரம்பிக்க வேண்டிய ஊர் திருவாதவூர். மதுரை மாவட்டம், மேலூருக்குப் பக்கத்துல. மாணிக்கவாசகர் பிறந்த ஊர்னு சொல்லப்படுறது. அவர் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாண்டிய மன்னனோட அமைச்சர். குதிரை வாங்கச் சொல்லி ராஜா கஜானாப் பணத்தைக் கொடுத்து அனுப்புறார். திருப்பெருந்துறையில அவர் குருவைச் சந்திக்கிறார், பணம் கோயில் திருப்பணிக்குப் போயிடுது. அப்புறம் நரி குதிரையாகி, குதிரை மறுபடி நரியாகி, வைகையில வெள்ளம் வந்து, பிட்டுக்கு மண் சுமந்து... அது பக்திக் கதை. அதை அப்படியே வச்சுப்போம்.

ஆனா ஒரு வியாபாரி கண்ணோட அந்தக் கதையைப் பாருங்க. முதல் போட்டவர் மதுரையில. பணம் பெருந்துறையில. அங்க என்ன நடக்குதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருக்கிற காசை எப்படி நம்புறது? உலகத்துல வந்த எல்லா வியாபாரக் கருவியும் ஏதோ ஒரு வகையில இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முயற்சி பண்ணுது.

இன்னும் பின்னாடி போவோம். திருவாதவூர் பக்கத்து மலைக்குகையிலயே தமிழி எழுத்துல கல்வெட்டு இருக்கு. அதே மேலூர் வட்டாரத்துல மாங்குளம் மலை. 1882ல ராபர்ட் சிவெல் அங்க இருந்த கல்வெட்டுகளைக் கண்டுபிடிச்சார். அது தமிழ்தான்னு 1924ல கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழமையான அந்த எழுத்துல ஒரு வரி, "வெள்ளறை நிகமத்தோர்" துறவிகளுக்குக் கொடை கொடுத்ததைச் சொல்லுது. நிகமம்னா வணிகர் சங்கம். இன்னைக்கு மொழியில டிரேடர்ஸ் அசோசியேஷன்.

கொஞ்ச தூரத்துல அழகர்மலை, கிடாரிப்பட்டி பக்கம். அங்க இன்னும் சுவாரஸ்யம். குகையில கொடை கொடுத்தவங்க பட்டியல் மாதிரி கல்வெட்டுகள் இருக்கு. உப்பு வணிகன், கொழு வணிகன், அதாவது ஏர்க்கொழு விற்கிறவர், பாணித வணிகன், அதாவது பாகு, சர்க்கரை மாதிரி இனிப்புச் சரக்கு விற்கிறவர், அறுவை வணிகன்னா துணி வியாபாரி. கூடவே மதுரைப் பொன்கொல்லர் ஒருத்தர். யாரும் பேரரசர் இல்ல. கடைக்காரங்க. தன் பேரையும் தன் தொழிலையும் சேர்த்தே கல்லுல எழுதினாங்க. முதல் நோக்கம் தர்மம்தான். ஆனா அந்தப் பாதையில போறவங்க எல்லாருக்கும் "இவர் இந்தச் சரக்கு விற்கிறவர், ஊருக்குக் கொடுக்கிறவர்"னு தெரிஞ்சிருக்கும் இல்லையா? பேர், தொழில், நல்ல பேர். இன்னைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ப்ரொஃபைல்ல நாம நிரப்புற கட்டங்களும் கிட்டத்தட்ட இதேதான்.

பேர் சம்பாதிச்சாச்சு. அடுத்தது கணக்கு.

ஓலைச்சுவடிக் காலத்துல தமிழ்க் கணக்கு எவ்வளவு நுணுக்கமா இருந்துச்சுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். மா என்றால் 1/20. காணி 1/80. முந்திரி 1/320. அதுக்கும் கீழ, முந்திரியை 320 பங்காக்கினா கீழ்முந்திரி, அதாவது 1/102400. திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க இந்த வாய்பாட்டை எண்சுவடியில இருந்து மனப்பாடம் பண்ணினாங்க. கால்குலேட்டர் தலைக்குள்ளயே இருந்துச்சு.

இந்தத் திறமையைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவங்க நகரத்தார். பர்மா, மலேயா, இலங்கைன்னு 19ஆம் நூற்றாண்டுல கடைகள் திறந்தாங்க. முதலாளி செட்டிநாட்டுல, கடை ரங்கூன்ல. மறுபடியும் அதே திருவாதவூர்ப் பிரச்சினை! கடையை நடத்துறது ஏஜெண்ட். வழக்கமா மூணு வருஷத் தவணை. அன்றாட வரவு செலவு நாள்வழியில, ஆள்வாரியான கணக்கு பேரேட்டுல, மொத்த நிலவரம் ஐந்தொகையில. அந்த ஐந்தொகையைப் பார்த்தா, கடையை நேர்ல பார்க்காமலே அதோட நாடியைப் பிடிச்சுடலாம். ரொக்கத்தைத் தூக்கிட்டுப் போகாம பணம் மாத்த உண்டியல் சீட்டு. இன்னைக்கு நாம டாஷ்போர்டு, டிரான்ஸ்ஃபர்னு சொல்றதோட வேலையைக் காகிதமும் நம்பிக்கையும் செஞ்சது.

கம்ப்யூட்டர் எப்ப வந்துச்சு? 1986. ஷ்யாம் சுந்தர் கோயங்கா ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் சப்ளை செஞ்சவர். தன் கணக்கை எழுத நல்ல மென்பொருள் கிடைக்கல. மகன் பாரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். அதுதான் பின்னாடி டேலி ஆச்சு. மதுரையில கீழமாசி வீதியோ, மேலூர் பஜாரோ, "டேலி தெரியுமா?"ங்கிறது வேலைக்குக் கேட்கிற முதல் கேள்வியா மாறின கதை உங்களுக்கே தெரியும். அப்புறம் கணக்கு இணையத்துக்குப் போச்சு. 1996ல அட்வென்ட்நெட்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச நிறுவனம் 2009ல ஜோஹோ ஆச்சு. சின்னக் கம்பெனிகளுக்கான பில், கணக்கு மென்பொருளைப் பிரவுசர்லயே கொடுத்துச்சு.

ஆனா பெட்டிக்கடையும் பூக்கடையும் இந்தக் கதைக்குள்ள வந்தது 2016க்கு அப்புறம்தான். அந்த வருஷம் ஏப்ரல் 11ல யூபிஐ அறிமுகம். நவம்பர் 8ல பணமதிப்பிழப்பு. டிசம்பர் 30ல பீம் ஆப். 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி. ஒன்னரை வருஷத்துக்குள்ள நாலு அலை. கடை வாசல்ல ஒட்டின அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கே, க்யூஆர், அது 1994ல ஜப்பான்ல டென்சோ நிறுவனம் வாகன உதிரிகளைக் கண்காணிக்கக் கண்டுபிடிச்சது. 2024 டிசம்பர்ல மட்டும் யூபிஐயில 1,673 கோடி பரிவர்த்தனை நடந்துச்சு.

சவுண்ட் பாக்ஸைப் பாருங்க. மாவு கை, எண்ணெய்க் கை, பூ கட்டுற கை. அந்தக் கையோட போனை எடுத்து மெசேஜ் பார்க்க முடியாது. போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாத்துறவங்க வேற. "இருபது ரூபாய் பெறப்பட்டது"னு ஒரு குரல் சொன்னா போதும். ரெண்டு பிரச்சினையும் தீர்ந்துச்சு. கடைக்காரரோட கையைப் பார்த்து வடிவமைச்ச கருவி அது.

சரி, எல்லாம் நல்லதுதானே, இதுல என்ன பிரச்சினைன்னு கேட்கலாம்.

2020 ஜனவரி 1ல இருந்து யூபிஐ வாங்குற வியாபாரிகிட்ட எம்டிஆர் கட்டணம் கிடையாது. அப்ப ஆப் நிறுவனங்களுக்கு வருமானம் எங்க இருந்து? சவுண்ட் பாக்ஸ் வாடகை ஒன்னு. இன்னொன்னு கடன். உங்க கடையில தினமும் எவ்வளவு வருது, எந்த மாசம் டல்லடிக்குது, எல்லாம் அந்த ஆப்புக்குத் தெரியும். அதை வச்சுத்தான் "உங்களுக்கு ஒரு லட்சம் ரெடி"னு நோட்டிஃபிகேஷன் வருது. சொத்துப் பத்திரம் இல்லாத ஒரு இட்லிக்கடை அம்மாவுக்கு, அவங்க உழைப்போட கணக்கே ஜாமீனாகுது. இது சாதாரண விஷயம் இல்ல. கந்துவட்டிக்காரர்கிட்டப் போகாம இருக்க ஒரு வழி.

ஆனா திருவாதவூர்க் கேள்வி இங்க தலைகீழா மாறிடுது. அன்னைக்கு முதலாளிக்கு, தூரத்துல இருக்கிற தன் காசைப் பத்தித் தெரியணும். இன்னைக்குத் தூரத்துல இருக்கிற யாரோ, முதலாளியைப் பத்தி அவரை விடத் துல்லியமாத் தெரிஞ்சு வச்சிருக்காங்க. நகரத்தார் பேரேடு அவங்க பெட்டியில இருந்துச்சு. பிள்ளையார் சுழி போட்ட கடன் நோட்டு கல்லாவுக்குள்ள இருந்துச்சு. இன்னைக்குக் கணக்கு வேற ஒருத்தரோட சர்வர்ல. நம்பர் மாறினா, அக்கவுண்ட் முடங்கினா, ஆப் மூடினா?

பயந்து ஆப்பைத் தூக்கிப் போட வேண்டாம். பழைய ஆட்களோட பழக்கத்தைப் புதுக் கருவியில வச்சுக்குவோம். மாசம் ஒருமுறை ஸ்டேட்மென்ட்டை டவுன்லோட் பண்ணி நம்மகிட்ட ஒரு காப்பி. அது நம்ம ஐந்தொகை. வீட்டுக் காசுக்கும் கடைக் காசுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. கடன் வாங்குறப்போ, ரிசர்வ் வங்கியோட விதிப்படி, மொத்த வருட வட்டிச் செலவைக் காட்டுற விவரத்தாளை முன்கூட்டியே கொடுக்கணும். அதைக் கேட்டு வாங்கிப் படிங்க. உங்க அப்பாவோ சித்தியோ கடை வச்சிருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து இதைச் செஞ்சு கொடுங்க.

அழகர்மலையில தன் பேரை வெட்டிவச்ச உப்பு வணிகருக்குப் பேரேடு எதுவும் மிஞ்சல. கல்லுல இருந்த பேர் மட்டும் மிஞ்சுச்சு. நம்ம கடைக்காரங்களுக்குப் பேரும் மிஞ்சட்டும், கணக்கும் அவங்க கையிலயே இருக்கட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.