அரைக் குன்றிமணி மருந்தும் ஆயிரம் கெஜ தூரமும்

1874ஆம் வருஷம் செப்டம்பர் 26ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், கிரீட்மூர் என்ற மைதானத்தில் ஒரு துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும். அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம் என்று மூன்று தூரங்கள். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 15 குண்டு. ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர். நம் ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆள் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற ஆளைப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி கிடையாது. வெறும் கண்தான்.

எனக்கு இந்தப் போட்டியில் பிடித்தது சுட்டவர்களின் கண் பார்வை அல்ல, அவர்களுடைய தராசு.

ஐரிஷ்காரர்கள் கொண்டுவந்தது டப்ளின் நகரத்து ஜான் ரிக்பி செய்த துப்பாக்கிகள். குழலின் வாய் வழியாக மருந்தைப் போட்டு, குண்டை இறக்கிச் சுடுவது. நம் பக்கத்தில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். ஆனால் இவர்கள் கைப்பிடி அளவில் கொட்டிக் கெட்டிப்பவர்கள் அல்ல. ஒவ்வொரு வெடிக்கும் உரிய மருந்தை முன்கூட்டியே அளந்து தனித்தனியாக வைத்திருப்பார்கள். குழலின் சுவரில் ஒரு துகள்கூட ஒட்டிக்கொள்ளாமல் அடி வரைக்கும் போய்ச் சேர, நீளமான ஒரு புனலை உள்ளே விட்டு அதன் வழியாக மருந்தைக் கொட்டுவார்கள். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே குழலைத் துடைத்துக் கரியை எடுப்பார்கள்.

அமெரிக்கர்களிடம் இருந்தவை ரெமிங்டன், ஷார்ப்ஸ் கம்பெனிகளின் புது மாதிரி. பித்தளைத் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகுவது. ‘வேட்டைக்கும் யுத்தத்துக்கும் இது சரி, நுணுக்கமாகச் சுட வாய்வழித் துப்பாக்கிதான்’ என்பது அன்றைய பெரியவர்களின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் நியாயமும் உண்டு. மூட்டை மூட்டையாகத் தயாராகும் தோட்டாவில் ஒன்றுக்கு மருந்து கொஞ்சம் கூட, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. குண்டு ஒரு நூல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் குழலின் புரிகளில் கோணலாகத்தான் ஏறும். அதனால்தான் தூரச் சுடுபவர்கள் தோட்டாவையும் தாங்களே நிரப்ப ஆரம்பித்தார்கள். ஈயத்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து உருக்கி வார்ப்பது, ஒவ்வொரு குண்டையும் நிறுத்து ஒத்து வராததைத் திரும்ப உருக்கப் போடுவது, வழவழப்பான மெல்லிய காகிதத்தைக் குண்டைச் சுற்றி ஒட்டுவது. கருமருந்து தோட்டாவுக்கு ஏறக்குறைய 90, 100 கிரெயின். ஒரு கிரெயின் என்பது நம் பத்தர் கணக்கில் அரைக் குன்றிமணி.

அரைக் குன்றிமணியில் என்ன வந்துவிடப் போகிறது? கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இதைக் கணக்குப் போடாமல் விட மனசு வராது. அந்தக் கனமான ஈயக்குண்டு ஆயிரம் கெஜம் போக மூன்று விநாடி அளவு ஆகும். அதற்குள் நூறடிக்கு மேல் கீழே இறங்கிவிடும். அதற்கு ஏற்றபடிதான் குழலை மேலே தூக்கிச் சுடுகிறார்கள். ஒரு தோட்டாவின் வேகம் இன்னொன்றைவிட நூற்றுக்கு ஒன்று குறைந்தால், குண்டு சுமார் இரண்டு அடி தாழ்ந்து விழும். கிரீட்மூர் இலக்கின் நடுக்கட்டம் மூன்றடிச் சதுரம். மத்தியிலிருந்து விளிம்புக்கு ஒன்றரை அடிதான். கை ஆடாமல், மூச்சு விடாமல், காற்றை ஒழுங்காகக் கணித்துச் சுட்டாலும், முந்தின நாள் ராத்திரி தராசில் செய்த பிசகு நடுக்கட்டத்தைத் தவறவைத்துவிடும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ‘குரூப்பிங்’ என்ற சொல் ஞாபகம் இருக்கும். குண்டுகள் எங்கே பட்டன என்பது அப்புறம். ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாகப் பட்டன என்பதுதான் முதலில். நெருக்கமாக இருந்தால் குறியைத் திருகிச் சரி செய்யலாம். சிதறினால் எதைத் திருகுவது? கையால் தோட்டா நிரப்புகிறவனின் கவலை முழுக்க இதுதான். பலத்த வெடி அவனுக்கு வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரி வெடித்தால் போதும். (வீட்டில் யாரும் முயற்சி பண்ணிப் பார்க்க வேண்டாம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

போட்டிக்கு வருவோம். கடைசிக் குண்டு பாக்கி இருந்தபோது அயர்லாந்து 931, அமெரிக்கா 930. சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடைன். சற்று முன்னால்தான் ஒரு இஞ்சி பீர் பாட்டில் உடைந்து அவர் கையைக் கிழித்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்தார், சுட்டார், நடுக்கட்டம். நான்கு புள்ளி. 934க்கு 931.

பின்வழித் தோட்டா ஜெயித்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஐரிஷ் அணியின் மில்னர் ஒரு தடவை பக்கத்து இலக்கின் நடுக்கட்டத்தை அடித்துவிட்டார். அழகான வெடி, ஆனால் பூஜ்யம். அந்த நாலு புள்ளி கிடைத்திருந்தால் 935 ஆகி, கதை தலைகீழாகியிருக்கும். 1080 புள்ளிக்கு நடந்த போட்டியில் மூன்று புள்ளி வித்தியாசம் எதையும் நிரூபிக்காது. ஒன்று மட்டும் சொல்லலாம்: பொறுமையாக நிரப்பினால், தோட்டாவும் வாய்வழித் துப்பாக்கிக்குச் சமமாக நிற்கும்.

பிறகு இது ஒரு பித்தாகவே ஆனது. ஹாரி போப் என்ற குழல் கொல்லர் புதுமையாக ஒரு வழி வைத்திருந்தார்: குண்டை வாய் வழியாக இறக்குவது, மருந்து நிரம்பிய பித்தளைக் கூட்டைப் பின்னால் செருகுவது. ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுடுவார்கள். கூட்டுக்குக் கூடு இருக்கும் வித்தியாசம்கூட வரக்கூடாதாம். 1901இல் அவர் குழல் ஒன்றை வைத்து ரோலண்ட் என்பவர் 200 கெஜத்தில் சுட்ட பத்துக் குண்டும், மையத்துக்கு மையம் அளந்தால், முக்கால் அங்குலத்துக்குள் அடங்கின.

மாசசூசெட்ஸில் பிராங்க்ளின் மான் என்று ஒரு டாக்டர். கோழித் தீவனத்துக்கு எலும்பு வெட்டும் மெஷின் செய்து விற்றுச் சம்பாதித்த பணத்தையெல்லாம் ஈயக்குண்டில் போட்டவர். வேண்டுமென்றே குண்டுகளைச் சிதைத்துச் சுட்டுப் பார்த்தார். மூக்கை நசுக்கினால் பெரிய கெடுதல் இல்லை. அடிப்பாகத்தில் ஒரு பக்கம் சீவினால் குண்டு எங்கோ போகிறது. குழல் வாயை விட்டு வெளியேறும் கணத்தில், பின்னால் வரும் வாயு கோணலாகத் தள்ளுவதுதான் காரணம். அதுவரை எல்லாரும் மூக்கைத்தான் பளபளவென்று பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள்! இதையெல்லாம் 1909இல் புத்தகமாகப் போட்டார்.

தோற்றுப் போன அணியில் தானும் சுட்டவர் ஜான் ரிக்பி. வாய்வழித் துப்பாக்கியின் பெரிய கை. அவரைத்தான் 1887இல் இங்கிலாந்து அரசாங்கம் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்குத் தலைவராகப் போட்டது. பின்வழித் தோட்டாவைப் போடும் .303 ரகத் துப்பாக்கி அவர் காலத்தில்தான் ராணுவத்துக்கு வந்தது. என்.சி.சி.யில் எங்கள் தோளில் உதைத்ததும் அந்த வம்சம்தான். முதலில் கருமருந்து, சில வருஷத்தில் கார்டைட். சேமியா மாதிரி இழை இழையாக இருக்கும், புகை அதிகம் வராது. அந்தக் கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய 1904இல் ஏற்பட்டதுதான் நீலகிரித் தொழிற்சாலை. ஊட்டி ரயிலில் போகிறவர்கள் வெலிங்டன் தாண்டியதும் பார்க்கலாம். ஸ்டேஷன் பெயர் அரவங்காடு.