சாவா மூவாப் பேராடும் எங்க வீட்டு கரண்ட் பில்லும்

போன ஞாயித்துக்கிழமை ரொம்ப நாள் கழித்து எங்க ஊர் சிதறால் மலைக்கோவிலுக்கு ஏறினேன். உள்ளூர்க்காரனுக்கு எப்பவுமே அந்தக் கோவில் 'நாளைக்குப் போய்க்கலாம்' ரகம்தான் :-)

பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சமண முனிவர்கள் இருந்த இடம். பாறையில் வரிசையாக தீர்த்தங்கரர் சிற்பங்கள், சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் அம்பிகை. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இது பகவதி கோவிலாக மாறியது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. அரிட்டநேமி பட்டாரகரின் மாணவியான குணந்தாங்கி குரத்தியார் என்ற பெண்துறவி, இங்குள்ள பகவதிக்குப் பொன் ஆபரணம் கொடுத்ததைச் சொல்கிறது.

பொன் என்றதும் எனக்கு அம்மாவின் வளையல் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதை பிறகு.

பொன் கொடுப்பது ஒரு தடவைக் கொடை. அந்தக் காலத் தமிழ்க் கோவில் கல்வெட்டுகளில் இன்னொரு வகைக் கொடை ஏராளம். அதுதான் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு. விளக்கு எரிய நெய் வேண்டும். அதற்கு நம்ம ஆட்கள் நெய்யைக் கொடுக்கவில்லை, ஆட்டைக் கொடுத்தார்கள்!

தஞ்சை பெரிய கோவிலில் ராஜராஜன் காலத்துக் கணக்கு துல்லியமாக இருக்கிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஒரு உழக்கு (கால் நாழி) நெய் அளக்க வேண்டும். கிழடாகிச் சாகிற ஆட்டின் இடத்தைக் குட்டி பிடித்துக்கொள்ளும்; எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால்தான் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகவும் செய்யாது, மூப்படையவும் செய்யாது. காசாகக் கொடுத்தாலும் இதே ஏற்பாடுதான். அசலை ஊர்ச்சபையிடம் ஒப்படைத்து, காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பலிசை வாங்கினார்கள். இன்றைய கணக்கில் 12.5 சதவீத வட்டி. செலவெல்லாம் வட்டியிலிருந்துதான், அசலில் கை வைப்பதில்லை.

விளக்குச் செலவும் நிதித் திட்டமும் ஒரே கல்வெட்டில்! ஆயிரம் வருஷம் கழித்து எனக்கு இது புரியவில்லை என்பதுதான் சோகம்.

இனி வளையல் கதை. மூணு வருஷம் முன்னாடி, கரண்ட் பில்லைக் குறைக்கிறேன் என்று கிளம்பினேன். 28,000 ரூபாய்க்கு சோலார் வாட்டர் ஹீட்டர். கையில் காசில்லை. அம்மாவின் இரண்டு வளையலைப் பணயம் வைத்தேன், 12 சதவீத வட்டிக்கு. "மக்களே, நம்ம ஊர்ல மழைக்காலம் விட்டா வெந்நீ யாருக்கு வேணும்?" என்று அம்மா கேட்டாள். கேட்கலையே நான்.

கணக்கு இதுதான். கீசர் நின்றதால் இரண்டு மாசத்துக்கு சுமார் 40 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 4.70 என்றால் வருஷத்துக்கு 1,100 ரூபாய் சொச்சம், அதாவது போட்ட பணத்துக்கு 4 சதவீதம். கட்டின வட்டியோ 3,360. ஆட்டை வாங்க ஆட்டையே விற்ற கதை! வளையலை மீட்க இரண்டு வருஷம் ஆனது. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் தம்பி மகள் கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போனாள். அதை நான் மறக்க முடியாது.

அதற்குப் பிறகு கடன் இல்லாமல் 6,000 ரூபாய்க்கு இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கினேன். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மாசத்தில் 54 யூனிட் மிச்சம். குறையும் யூனிட் பில்லின் மேல் படியிலிருந்து குறைவதால், இலவச 100 யூனிட்டுக்கு ஒன்றும் ஆகாது. வருஷம் சுமார் 1,500 ரூபாய், அதாவது 25 சதவீதம். ராஜராஜன் வாங்கின பலிசையைப்போல இரண்டு மடங்கு!

ஆனால் ஒரு விஷயம். ஆடு குட்டி போடும், ஃபேன் போடாது. அது சாகும், மூப்படையும். மிச்சமான காசு பில்லில் குறைந்ததோடு டீக்கடையிலும் ரீசார்ஜிலும் கரைந்துவிட்டால், ஃபேன் பழுதாகும்போது மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். அதனால் தபாலாபீசில் மாசம் 120 ரூபாய்க்கு ஆர்.டி. போட்டேன். 5 வருஷத்தில் அசல் மட்டும் 7,200. அடுத்த ஜோடி ஃபேனுக்கு அது போதும். ஆக, குட்டியை நாமேதான் வளர்க்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3 அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். "மாடியில் சோலார் போடலாமா?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். நான் சொன்னது இதுதான்: மானியம் போக உங்க கைக்காசு எவ்வளவு, வருஷத்துக்கு மிச்சம் எவ்வளவு, அது எத்தனை சதவீதம், கடன் வட்டி அதைவிடக் குறைவா? நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மேகமூட்ட மாசங்களையும் கணக்கில் சேருங்க. இதுக்கெல்லாம் பதில் தெரிந்த பிறகு ஏணியைத் தூக்குங்க.

நீங்களும் ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க: உங்க வீட்டில் எது ஆடு, எது நெய்? நெய்யை விளக்குக்கு ஊத்துங்க. ஆட்டை மட்டும் வித்துடாதீங்க.